இது சைக்கிளா, வண்டியா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



எனக்கு முன்னால் பேசியவர்களில் ஒருவர் டாக்டர், ஒருவர் வங்கி அதிகாரி, ஒருவர் பாரிஸிலிருந்து வந்திருக்கிறார். நான் காரைக்காலை விட்டு எங்கேயும் போகாதவன். 1992-ல் இங்கே பி.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். வேலை தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு அதே தொழிலில் சொந்தக் கடை போட்டேன். நெடுங்காடு, அம்பகரத்தூர், திருநள்ளாறு பக்கத்து விவசாயிகளின் பம்ப்செட் மோட்டார் எரிந்தால் என் கடைக்குத்தான் வரும். இயற்பியல் படித்ததற்கு இதுதான் பலன் என்று என் அப்பா கடைசிவரை வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமில்லை.

சங்கச் செயலாளர் போன் பண்ணி, "ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே இன்று காலை கல்லூரிக்குள் நுழைந்தேன். சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்ததும் தலைப்பு கிடைத்துவிட்டது.

எங்கள் காலத்தில் அந்த ஸ்டாண்டில் ஹெர்குலிஸ், அட்லஸ், ராலே என்று வரிசையாக நிற்கும். டைனமோ வைத்த சைக்கிள் வைத்திருந்தால் அவன் பணக்காரன். இன்றைக்கு அங்கே மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் 9 மின்சார சைக்கிள்கள் நிற்கின்றன. எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தடிமனான டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த மவுண்டன் பைக். மலையே இல்லாத காரைக்காலில் மலை சைக்கிள்! நம் ஊரில் ஏற்றம் என்றால் அரசலாற்றுப் பாலம் ஒன்றுதான். பரவாயில்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன.

ஆனால் தொழில்காரன் கண் சும்மா இருக்காது. அந்த ஒன்பதில் மூன்றின் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து மூடியிருக்கிறார்கள். திருகாணித் தலை தேய்ந்திருக்கிறது, மேலே கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. எதற்குத் திறந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். யார் திறந்தது என்று கேட்கப்போவதில்லை. ஏனென்றால் நானும் திறந்தவன்தான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பாடம்.

மின்சார சைக்கிளில் பெடலை மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும். நம் ஊரில் பெரும்பாலும் பின் சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருக்கும். பெடல் அச்சில் ஒரு சென்சார், நாம் மிதிக்கிறோமா இல்லையா என்று பார்க்கும். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை இன்னொரு சென்சார் சொல்லும். இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டு, மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் விடலாம் என்று முடிவு செய்வது கன்ட்ரோலர். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் அது மோட்டாரை நிறுத்திவிடும். அதற்கு மேல் போக வேண்டுமா? தாராளமாகப் போகலாம், சொந்தக் காலால் மிதித்து.

இந்த 25 என்பது கம்பெனிக்காரன் இஷ்டத்துக்குப் போட்ட கணக்கு இல்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. பெடல் உதவியோடு ஓடும் சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வேகம் கூடக்கூட அதன் உதவி படிப்படியாகக் குறைந்து, 25 கிலோமீட்டரில் முற்றிலும் நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும். நல்ல பிரேக் இருக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகள் இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. நம்பர் பிளேட் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். ஐரோப்பாவிலும் இதே 25 கிலோமீட்டர், 250 வாட்தான். அமெரிக்காவில் பல மாநிலங்களில் 32 வரை ஒரு வகை, 45 வரை இன்னொரு வகை என்று பிரித்திருக்கிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2023-ஆம் ஆண்டு. என் தங்கை மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்லூரியில் சேரக் காத்திருந்த நேரம். 17 வயது. அவன் அப்பா குவைத்தில் இருந்து பணம் அனுப்பி, ஒரு மின்சார மவுண்டன் பைக் வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரம் சந்தோஷமாக ஓட்டினான். அடுத்த வாரம் கடைக்கு வந்து நின்றான்.

"மாமா, 25-க்கு மேல போக மாட்டேங்குது. மோட்டார்ல சக்தி இருக்கு மாமா, வேணும்னே கட் பண்றான். பஸ்ஸ்டாண்டு பக்கம் பசங்க ஸ்கூட்டியில என்னைத் தாண்டிப் போயி சிரிக்கிறாங்க."

நீங்களே சொல்லுங்கள், 30 வருஷமாக மோட்டாரோடு குடும்பம் நடத்துகிறவனிடம் வந்து "இதுல சக்தி இருக்கு, அடைச்சு வச்சிருக்கான்" என்று சொன்னால் அவன் கை சும்மா இருக்குமா? "இதென்னடா பெரிய விஷயம், வண்டியை உள்ள தள்ளு" என்றேன்.

அந்த மோட்டார் 36 வோல்ட். இந்த மாதிரி மோட்டாரின் உச்ச வேகம் அதற்குக் கொடுக்கும் வோல்டேஜைப் பொறுத்தது. சுற்றச் சுற்ற அதற்குள்ளேயே ஓர் எதிர் வோல்டேஜ் பிறக்கும்; அது பாட்டரி வோல்டேஜுக்குச் சமமாக வரும்போது அதற்கு மேல் வேகம் ஏறாது. இது நாம் இரண்டாம் ஆண்டில் படித்த பாடம்தான். 36-க்குப் பதில் 48 வோல்ட் கொடுத்தால் உச்ச வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். கன்ட்ரோலரில் இருந்த வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, 48 வோல்ட் பாட்டரியை மாட்டினேன். சுவிட்ச் போட்டதும் "பட்" என்று ஒரு சத்தம், கடை முழுக்கக் கருகல் வாடை. 48 வோல்ட் பாட்டரி முழு சார்ஜில் 54.6 வோல்ட் இருக்கும். அந்தக் கன்ட்ரோலரில் இருந்த கெப்பாசிட்டர் 50 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். வண்டியே எனக்கு எச்சரிக்கை கொடுத்தது. ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெரிய கன்ட்ரோலர் ஒன்று வரவழைத்தேன்.

ஒரு விடியற்காலையில் அரசலாற்றங்கரை ஓரமாகக் கடற்கரைக்குப் போகும் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். காற்று பின்னாலிருந்து அடித்தது. போனில் பார்த்தால் 38 கிலோமீட்டர்! பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "மாமான்னா மாமாதான்" என்றான். நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மோட்டாரைத் தொட்டேன், கன்ட்ரோலரைத் தொட்டேன், பாட்டரியைத் தொட்டேன். பிரேக்கை மட்டும் தொடவில்லை. அது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

25-க்கும் 40-க்கும் பெரிய வித்தியாசம் என்ன என்று கேட்பீர்கள். பேருந்தில் போகிறவனுக்கு 40 என்பது ஊர்வலம். ஆனால் இயற்பியல் வேறு மாதிரி கணக்குப் போடும். மாணவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25 போய் 40 ஆனால் வேகம் 1.6 மடங்கு, மோதும்போது உள்ள ஆற்றல் 2.56 மடங்கு. வேகத்தைத்தான் கொஞ்சம் கூட்டினோம். அடி இரண்டரை மடங்கு கூடிவிட்டது.

இரண்டு, நிற்கும் தூரம். எதையாவது பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகும் என்று வையுங்கள். 25-ல் போகும்போது அந்த ஒரு விநாடியில் 7 மீட்டர் போய்விடுவோம். பிரேக் நன்றாகப் பிடித்தால் இன்னும் 6 மீட்டரில் நிற்கலாம். மொத்தம் 13 மீட்டர். 40-ல் போனால் அந்த விநாடியில் 11 மீட்டர், பிரேக் பிடித்த பிறகு 15 மீட்டருக்கு மேல். மொத்தம் 26 மீட்டரைத் தாண்டும். சரியாக இரண்டு மடங்கு. இதுவும் புது பிரேக், காய்ந்த ரோடு என்றால்தான். நம் ஊர் ரோட்டில் கடற்கரை மணல் ஏறிக் கிடப்பது உங்களுக்கே தெரியும்.

மூன்று, காற்று. காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் முப்படியாகக் கூடும். சமதளத்தில் ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்து 25-ல் போக ஏறத்தாழ 150 வாட் போதும். 40-ல் போக ஏறத்தாழ 500 வாட் வேண்டும். 250 வாட்டுக்குச் செய்த மோட்டாரிடம் நாம் இரண்டு பங்கு கேட்கிறோம். மூன்று மடங்கு சக்தி என்றால் அதே பாட்டரியிலிருந்து வரும் மின்னோட்டமும் ஏறத்தாழ மூன்று மடங்கு. வயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கம், அதாவது ஒன்பது மடங்கு. உப்புக்காற்றில் பச்சை பூத்த கனெக்டர் அந்தச் சூட்டை எத்தனை நாள் தாங்கும்? பல மோட்டார்களுக்குள்ளே நைலான் பல்சக்கரம்தான் இருக்கிறது. அது இளகிப் பல் கழன்றுவிடும். இதில் இன்னொரு வேடிக்கை, 36 கிலோமீட்டர் ஓடும் பாட்டரி 17 கிலோமீட்டரில் காலியாகிவிடும். வேகமாகப் போய்ப் பாதி வழியில் தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான்.

பாட்டரி விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அது வேகம் கூட்டியதால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. லித்தியம் பாட்டரி தீப்பிடித்தால் தப்பிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வருஷம் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் மின்சார வண்டிகளின் பாட்டரிக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. நாம் எங்கிருந்தோ வாங்கி மாட்டும் பாட்டரியை யார் சோதித்தார்கள்?

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு முன்பே தெரியாதா என்று கேட்டால், தெரியும். பரீட்சையில் மார்க் வாங்கியிருக்கிறேன். தெரிந்ததும் செய்ததும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

2023 ஜூன் கடைசி. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு படகுகள் கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்த நேரம். மீன் விற்கும் பெண்களுக்கு அதுதான் நாலு காசு பார்க்கும் நாட்கள். காலை ஏழு மணி இருக்கும். கிளிஞ்சல்மேட்டுப் பக்கத்து ரோட்டில், தலையில் மீன் அன்னக்கூடையோடு ஒரு வயதான அம்மா ரோட்டைக் கடந்திருக்கிறார். தூரத்தில் ஒரு பையன் வருவதைப் பார்த்தும் இருக்கிறார். பையன் பிரேக் பிடித்தான். பிரேக் பிடித்தது. ஆனால் தூரம் போதவில்லை.

பையனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அந்த அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்து, முழங்காலிலும் அடி. மீனெல்லாம் ரோட்டில். நான் போய்ச் சேர்ந்தபோது ஜனங்கள் கூடியிருந்தார்கள். யாரோ அந்த அம்மாவை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள்.

காவல் நிலையத்தில் ஓர் அதிகாரி அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், இது சைக்கிளா, வண்டியா? நான் எதுன்னு எழுதுறது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சைக்கிள் என்று சொன்னால் பொய். வண்டி என்று சொன்னால், பதிவு இல்லாத வண்டி, லைசென்ஸ் இல்லாத, 18 வயது நிரம்பாத பையன், இன்சூரன்ஸ் இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். இன்சூரன்ஸ் இல்லையென்றால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. 18 வயது நிரம்பாத பிள்ளை மோட்டார் வாகனத்தில் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. திருகாணியைக் கழற்றியவன் நான். மாட்டிக்கொள்ள இருந்தவள் ஒன்றும் அறியாத என் தங்கை.

அந்த அம்மாவின் குடும்பம் வழக்கு வேண்டாம் என்றது. "பையன் படிக்கிற பிள்ளை" என்றார்கள். வைத்தியச் செலவும், அவர் தொழிலுக்குப் போக முடியாத நாட்களுக்கான பணமும் நான் கொடுத்தேன். கணக்குப் பார்த்தால் ஒரு நல்ல பதிவு செய்த மின்சார ஸ்கூட்டரே வாங்கியிருக்கலாம்.

நான் இந்த மேடையில் சொல்ல வந்தது பணத்தைப் பற்றி இல்லை. கட்டுப் பிரிப்பதற்கு முன்னால் ஒருநாள் அந்த அம்மா வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "நீங்க பாத்துக் கடந்திருக்கலாமேம்மா" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். எவ்வளவு திமிர் பாருங்கள். அவர் கோபப்படவில்லை.

"பாத்துட்டுத்தான் தம்பி எறங்குனேன். மோட்டார் வண்டின்னா நின்னிருப்பேன். சைக்கிள்தானே வருதுன்னு நெனச்சேன். சைக்கிள் அந்தத் தூரத்துலேர்ந்து வர்றதுக்குள்ள நான் ரெண்டு தடவ ரோட்டத் தாண்டிருவேனே" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மா இயற்பியல் படித்தவரில்லை. ஆனால் அவர் கணக்கு சரி. 60 வருஷமாக ரோட்டைக் கடந்து கடந்து, சைக்கிள் என்றால் இவ்வளவு வேகம், பஸ் என்றால் இவ்வளவு வேகம் என்று கண்ணாலேயே அளந்து வைத்திருக்கிறார். அந்த அளவை நம்பித்தான் அவர் காலை எடுத்து வைத்தார். அவரை ஏமாற்றியது நான். சைக்கிள் வேஷத்தில் ஒரு மோட்டார் வண்டியை ரோட்டில் விட்டேன்.

25 என்ற எண் ஏன் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அது வண்டி ஓட்டுகிறவனுக்காகப் போட்ட கடிவாளம் மட்டும் இல்லை. எதிரே வருகிற கிழவிக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும், ஆடு ஓட்டி வருகிறவருக்கும் கொடுத்த வாக்கு. "இது சைக்கிள் மாதிரி இருக்கிறது, சைக்கிள் மாதிரிதான் வரும்" என்ற வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றுகிற வரைக்கும் நம்பர் பிளேட் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம் என்று சட்டம் சலுகை தருகிறது. திருகாணியைக் கழற்றுகிறவன் சலுகையை வைத்துக்கொண்டு வாக்கை மட்டும் கழற்றிவிடுகிறான்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2022-ல் மகாராஷ்டிரத்தில், விதியை மீறி வேகம் கூட்டிய மின்சார வண்டிகளைப் பிடிக்கப் போக்குவரத்துத் துறை தனியாகவே சோதனை நடத்தியது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், வேக சென்சாரை யாராவது ஏமாற்றினால் அதைக் கண்டுபிடித்து மோட்டார் உதவியைக் குறைத்துவிடும் மென்பொருளை 2020 மாடல்களிலிருந்து சேர்த்தது. பிரான்சைச் சொல்லாமல் விட்டால் காரைக்கால்காரன் ஆகமாட்டேன். அங்கே 2019 டிசம்பரில் வந்த சட்டப்படி, மின்சார சைக்கிளின் வேகக் கட்டுப்பாட்டை எடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 30,000 யூரோ வரை அபராதம். பாரிஸிலிருந்து வந்திருக்கும் நம் நண்பர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், அங்கே போய்ப் படிக்கப் போகும் பிள்ளைகள் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விபத்து நடந்த அன்று என் தங்கை கேட்டாள், "அண்ணே, எப்படி ஆச்சு?" என்று. "பிரேக் சரியாப் பிடிக்கல போலிருக்கும்மா" என்றேன். பையன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான், அந்த அம்மா சொன்னதைக் கேட்ட பிறகுதான், தங்கையிடம் உண்மையைச் சொன்னேன். பத்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. நியாயம்தான். ஊர் அறிய இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

மாணவர்களே, வண்டியைத் திறக்காதே என்று நான் சொல்ல வரவில்லை. திறக்காத பிள்ளை எப்படிக் கற்றுக்கொள்வான்? நானே எரிந்த மோட்டார்களைத் திறந்து திறந்துதான் பிழைக்கிறேன். திறங்கள். ஆனால் ஏதாவது ஒன்றைக் கூட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது கூடினால் எது எது கூடத் தாங்க வேண்டும்: பிரேக்கா, டயரா, ரிம்மா, வயரா? ரோட்டில் எதிரே வருகிறவர் இதை என்னவென்று நினைப்பார்? நாளைக்கு ஒருவர், "இது சைக்கிளா, வண்டியா?" என்று கேட்டால், ஒரே வார்த்தையில் உண்மையான பதில் என்னிடம் இருக்கிறதா?

வேகம்தான் வேண்டுமென்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. உரிய வயது வரட்டும், லைசென்ஸ் எடுங்கள், நம்பர் பிளேட் உள்ள மின்சார ஸ்கூட்டர் வாங்குங்கள், ஹெல்மெட் போடுங்கள். 40 என்ன, அதற்கு மேலும் போகலாம். அதற்கேற்ற பிரேக் அதில் இருக்கும். கடைக்காரர் யாராவது "லாக் எடுத்துத் தர்றேன் தம்பி" என்று ஆசை காட்டினால், விபத்து நடந்தால் கூட வருவாரா என்று கேளுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை சைக்கிள் 25-க்கு மேல் மோட்டாரில் ஓடுகிறதா என்று ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

கை துறுதுறு என்று இருக்கிறவனுக்கு வேலை நிறைய இருக்கிறது. நம் கடற்காற்றில் துருப்பிடிக்காத கனெக்டர் மூடி செய்து காட்டுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் இறங்காத சென்சார் செய்யுங்கள். அதே பாட்டரியில் 36 கிலோமீட்டர் ஓடுவதை 45 ஆக்குங்கள். டயரில் சரியான காற்றும், எண்ணெய் போட்ட செயினும், நிதானமான கையுமே அதில் ஒரு பங்கைச் செய்துவிடும். மீன் கூடை வைக்கும்படி ஒரு மின்சார மூன்று சக்கர சைக்கிள் 25 கிலோமீட்டருக்குள் ஓடும்படி வடிவமைத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் என் கடையில் மேசை இருக்கிறது, மீட்டர் இருக்கிறது, பழைய மோட்டார்கள் குவிந்து கிடக்கின்றன.

அந்த அம்மாவின் கை கூடிவிட்டது. ஆனால் பழைய மாதிரி கனம் தூக்க முடியவில்லை. இப்போது அவர் மருமகள்தான் கூடை சுமக்கிறார். இவர் வீட்டு வாசலில் கருவாடு விற்கிறார். நான் மாதம் ஒரு தடவை போய் வாங்கிக்கொண்டு வருவேன். விலை குறைக்கச் சொல்லிக் கேட்பதில்லை.

என் தங்கை மகன் இப்போது இதே கல்லூரியில் இறுதியாண்டு. பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் அனுமதி கேட்டுத்தான் இதையெல்லாம் சொன்னேன். அந்தப் பழைய 36 வோல்ட் பாட்டரியைத் திரும்ப மாட்டி, புதுக் கன்ட்ரோலர் வைத்து, 25-ல் நிற்கும்படி செய்து கொடுத்தேன். அதில்தான் தினமும் வருகிறான். ஸ்டாண்டில் இருக்கும் ஒன்பதில் அதுவும் ஒன்று.

மற்ற மூன்று வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறந்திருக்கும். பெயர் கேட்க மாட்டேன், காசு வாங்க மாட்டேன், உங்கள் அப்பாவிடமும் சொல்ல மாட்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வாருங்கள். அரை மணி நேர வேலை. பிரேக் கட்டையும் நானே மாற்றித் தருகிறேன்.